அடுப்புக்குப் போகாத டேங்க்

என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்கு என் அண்ணனிடம் நான் பேசியது மூன்றே வார்த்தைதான்.

"நீதாண்டா அவரைக் கொன்னே."

அதுவரை அண்ணனை நான் 'டா' போட்டுப் பேசியதே இல்லை. வாசலில் அத்தனை பேர் நின்றிருந்தார்கள். அண்ணன் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார். அந்தச் செருப்பை யார் எடுத்து எங்கே போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலை. கெட்டி இரும்புத் தகட்டை வளைத்து, வெல்டிங் வைத்து, ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு டேங்க்குகள் செய்கிற இடம். அண்ணன் அங்கே வெல்டர். என் வீட்டுக்காரர் ஃபிட்டர். அண்ணன்தான் அவரை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிவந்து, "நம்ம ஆளு, தங்கமான பையன்" என்று அப்பாவிடம் சொல்லிக் கட்டிவைத்தார். கல்யாணத்துக்குப் பிறகும் அவர்கள் ஒருவரையொருவர் மச்சான், மாப்ளே என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரே வண்டியில்தான் வேலைக்குப் போவார்கள். டிபன் கேரியர் இரண்டையும் நான்தான் கட்டுவேன்.

புது டேங்க் செய்து முடித்ததும் அதில் தண்ணீர் நிரப்பி, பம்ப் வைத்து அழுத்தத்தை ஏற்றிப் பார்ப்பார்கள். கசிகிறதா, தாங்குகிறதா என்று சோதனை. அன்று காலை பத்து மணிக்கு 417-ஆம் நம்பர் டேங்க்குக்குச் சோதனை. பம்ப் பக்கத்தில் நின்றது என் வீட்டுக்காரர். அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே வெல்டிங் வைத்த இடம் நீளவாக்கில் பிளந்தது. பெயர்ந்து வந்த தகடு அவர் மேல் விழுந்தது. மருத்துவமனைக்கு எடுத்துப் போகிற நேரம்கூட இல்லை.

வெல்டிங் வைத்தது அண்ணன்.

விசாரணை ஒரு மாதம் நடந்தது. விசாரணைக்குழுவின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னவன் தரப்பிரிவின் தலைவன். மற்றவர்களெல்லாம் மஞ்சள் தொப்பி போட்டிருக்கும்போது அவன் மட்டும் அழுக்குப் படாத வெள்ளை ஹெல்மெட் போட்டிருப்பான். அதனால் தொழிலாளர்கள் அவனுக்கு வைத்த பெயர் வெள்ளைத் தொப்பி. "வெல்டிங் சரியில்லை. மத்ததெல்லாம் முறைப்படி நடந்திருக்கு" என்றான். அண்ணனோ திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்: "சார், அந்த டேங்க் அடுப்புக்கே போகலை."

அது என்ன அடுப்பு என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்கிற மனநிலையிலும் நான் இல்லை. வெள்ளைத் தொப்பி ஒரு வரைபடக் காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தான். அடுப்பின் சூடு மணிக்கு மணி எவ்வளவு என்று பேனா முள் தானாகவே கிறுக்குகிற காகிதம். மேலே 417, 418 என்று இரண்டு டேங்க்கின் நம்பரும் எழுதியிருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே நாளில் அடுப்புக்குள் போய் வந்ததாகக் கணக்கு. காகிதமே பேசுகிறதே, வெல்டர் பேச்சை யார் கேட்பார்கள்? அண்ணனின் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேறு எந்த இடத்திலும் அவரை வெல்டிங் கைப்பிடியைத் தொடவிடவில்லை. கடைசியில் ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் ஓட்டுகிற வேலைக்குப் போனார். நான் அதையும் கேள்விப்பட்டு, "நல்லா வேணும்" என்றேன். எனக்கு அப்போது மூன்று வயதுப் பெண் குழந்தை. அவளை அவள் மாமன் கண்ணில் ஒரு வருடம் காட்டவில்லை.

ஒரு வருடம் கழித்து ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்தத் தொழிற்சாலையில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர். உள்ளே வந்து உட்கார மாட்டேன் என்றார். நின்றபடியே சொன்னார்.

"அம்மா, உங்க அண்ணன் சொன்னது நிஜம். அடுப்புல உள்பக்கக் கல்லு பேந்து போய் பதினஞ்சு நாளா ஓடவே இல்ல."

"உங்களுக்கு எப்படி நிச்சயமாத் தெரியும்?"

அவருக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. "வெளியில வெயில் தாங்கலம்மா. அடுப்புக்குள்ளதான் குளுகுளுன்னு இருந்துச்சு. அந்தப் பதினஞ்சு நாளும் மத்தியானச் சோத்துக்கு அப்புறம் அதுக்குள்ளதான் பாய் போட்டுப் படுத்திருந்தேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இதை விசாரணையில ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"எனக்கு மூணு பசங்கம்மா" என்றார். "இப்பவும் எங்கேயும் வந்து சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரியணும்னுதான் வந்தேன். தூக்கம் வரல." போய்விட்டார்.

அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தது அண்ணி. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. உள்ளேயிருந்து அண்ணன் வந்தார். ஒப்பித்த எதுவும் எனக்கு வரவில்லை. அவர் என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்து, "வளந்துட்டாளே" என்று கை நீட்டினார். அவளும் எந்த வம்பும் பண்ணாமல் தாவினாள். அவ்வளவுதான் எங்கள் சமாதானம். மன்னிப்புக் கேட்பதை அவரும் எதிர்பார்க்கவில்லை. நானும் இன்றுவரை வாய்விட்டுக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று செய்வதென்று முடிவு பண்ணினேன்.

அடுப்பைப் பற்றி அண்ணன்தான் எனக்கு விளங்கச் சொன்னார். வெல்டிங் வைக்கும்போது இரும்பு உருகுகிறது. ஆறும்போது அந்த இடம் சுருங்கப் பார்க்கும். சுற்றியிருக்கிற தகடு அதைச் சுருங்க விடாது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தபடியே இறுகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தடவிப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் உள்ளுக்குள் அந்த இழுவை அப்படியே இருக்கும். பாடப் புத்தகத்தில் அதற்கு எஞ்சிய தகைவு என்று பெயர். எங்கள் வேலையில் உள்ளிறுக்கம் என்போம். டேங்க்கைப் பெரிய அடுப்புக்குள் விட்டு நிதானமாகச் சுடவைத்து நிதானமாக ஆறவிட்டால் அது தளர்ந்துவிடும். விடாவிட்டால், ஏற்கெனவே பாதிக்கு மேல் இழுபட்டு நிற்கிற இரும்பின் மேல் நாம் மேலும் அழுத்தம் ஏற்றுகிறோம்.

"எத்தனை வருஷம் அப்படியே இருக்கும்?" என்று கேட்டேன்.

"அடுப்புக்குப் போகாத வரைக்கும் அப்படியேதான் இருக்கும்."

"அதை அளக்க முடியுமா? வெட்டாம, உடைக்காம?"

"எக்ஸ்ரே மெஷின் இருக்குன்னு சொல்லுவாங்க. நம்ம ஆலையில கிடையாது" என்றார்.

417-ஐ அந்த மாதமே துண்டு போட்டுப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டிருந்தான் வெள்ளைத் தொப்பி. ஆனால் 418? அது பெயின்ட் அடித்து யாருக்கோ விற்றாகிவிட்டது. யாருக்கு என்று கேட்டால், பதிவேடு தொலைந்துவிட்டதாம். அதுவும் அடுப்புக்குப் போகாத டேங்க்தான். அது எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறது, வாயைத் திறக்காமல்.

நான் இயற்பியல் படித்து, அந்தச் சான்றிதழை டிரங்க் பெட்டியில் போட்டுவைத்திருந்தவள். ஒரு சோதனைக்கூடத்தில் குழாய் கழுவுகிற மாதிரியான வேலையில் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் அந்த எக்ஸ்ரே மெஷின் என் கைக்கு வந்தது. போகிற ஆலைகளிலெல்லாம் என்னை எக்ஸ்ரே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பாலத்துக்கு, கிரேனுக்கு, கொதிகலனுக்கு, எங்கே கூப்பிட்டாலும் போவேன். போனதும் பெட்டியை இறக்கி வைப்பதற்கு முன்னால், அங்கே நிற்கிற டேங்க் ஒவ்வொன்றின் பெயர்த்தகட்டையும் துணியால் துடைத்து நம்பர் படிப்பேன். "அக்காவுக்குச் சுத்தம் ஜாஸ்தி" என்று கேலி பண்ணுவார்கள். எட்டு வருடம் துடைத்தேன்.

இதற்கிடையில் வெள்ளைத் தொப்பி அந்தத் தொழிற்சாலையை விட்டு விலகி, சொந்தமாக ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தான். ஊரிலுள்ள டேங்க்குகளைப் பார்த்து 'பத்திரமானது' என்று வருடாவருடம் சான்று கொடுக்கிற கம்பெனி.

போன வருடம் ஒரு குளிர்கிடங்கிலிருந்து கூப்பிட்டார்கள். காய்கறியை உறையவைத்துப் பொட்டலம் போடுகிற இடம். கட்டடத்தின் பின்னால் அம்மோனியா நிரப்பிய பெரிய டேங்க் ஒன்று. சுவருக்கு இந்தப் பக்கம் டேங்க், அந்தப் பக்கம் நாற்பது பெண்கள் நின்று பட்டாணி பொறுக்குகிறார்கள். கிடங்கின் மேலாளர் புதிதாக வந்தவர், என் வயதுப் பெண்மணி. டேங்க்கைக் காலி பண்ணிக் கழுவும்போது வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறலைப் பார்த்துவிட்டு, சான்றுக் கம்பெனியைக் கேட்காமல் நேராக எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

வழக்கம்போல ஏணியில் ஏறிப் பெயர்த்தகட்டைத் துடைத்தேன். மூன்று அடுக்குப் பெயின்டுக்கு அடியில் விரலுக்குத் தட்டுப்பட்டது. நாலு. ஒன்று. எட்டு.

ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழேயிருந்து மேலாளர், "என்னாச்சும்மா, தலை சுத்துதா?" என்றார். "ஒண்ணுமில்ல, இறங்கிடறேன்" என்றேன். அழுகை வரவில்லை. வந்தது சந்தோஷம். சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், கல்யாணத்தன்றுகூட அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

ஆனால் அளக்கும்போது நான் அவசரப்படவில்லை. வேண்டும் வேண்டும் என்று துடிக்கிறவளின் கையை நம்பக்கூடாது. அது என் கையாக இருந்தாலும். முதலில் இறுக்கமே இல்லாத இரும்புத்தூளை வைத்து மெஷினைச் சரிபார்த்தேன். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டியது. டேங்க்கில் எட்டு இடம் குறித்து, மருந்து போட்டுப் பெயின்டை எடுத்தேன். உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்கக்கூடாது. தேய்த்தால் அந்தத் தேய்ப்பே மேல்தோலில் ஒரு இறுக்கத்தை உண்டாக்கிவிடும். உப்புக் கரைசலும் மின்சாரமும் வைத்து முடி கனத்துக்கு மேல்தோலைக் கரைத்தேன். எல்லோரையும் கயிறு கட்டித் தள்ளி நிறுத்திவிட்டு எக்ஸ்ரேயைப் பாய்ச்சினேன். இரும்பின் அணு அடுக்குகள் எவ்வளவு இழுபட்டு விலகி நிற்கின்றன என்று அது திரும்பி வரும் கோணத்திலிருந்து மெஷின் கணக்குப் போட்டுச் சொல்லும்.

அடுப்புக்குப் போய்வந்த வெல்டிங்கென்றால் இறுக்கம் எண்பது, தொண்ணூறு மெகாபாஸ்கல் காட்டும். நூறைத் தாண்டினாலே சந்தேகப்படுவோம். முந்நூற்றைம்பதில் அந்தத் தகடு இழுபட்டு நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும்.

முதல் இடம்: முந்நூற்றுப் பதினெட்டு.

இரண்டாவது முந்நூற்று இருபத்தாறு. மூன்றாவது முந்நூற்றைந்து. ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்தேன். வெல்டிங்கைவிட்டு எட்டத்தில், வெறும் தகட்டில் வைத்தால் சாதுவாக நாற்பது காட்டியது. இரும்பு பதினோரு வருடமாக எதையும் மறக்கவில்லை. நானும்தான்.

எண்களைப் பார்த்து மேலாளர், "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"இது அடுப்புக்குப் போகலைன்னு அர்த்தம். அம்மோனியாவும் இந்த இறுக்கமும் சேர்ந்தா வெல்டிங் உள்ளுக்குள்ளேயே கீறிக்கிட்டே போகும். நீங்க பார்த்த கீறல் அதுதான்."

"போகலையா? வருஷா வருஷம் சான்று வருதே?"

"சான்று கொடுத்தவரைக் கூப்பிடுங்க" என்றேன். "என் பேர் எதுவும் சொல்ல வேணாம். எக்ஸ்ரே எடுக்கிற பொண்ணு ஏதோ சொல்லுதுன்னு மட்டும் சொல்லுங்க."

மறுநாள் காலை காரில் வந்து இறங்கினான். தலை நரைத்திருந்தது, தொப்பை வைத்திருந்தது. ஹெல்மெட் மட்டும் அதே வெள்ளை. என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. செத்தவனுடைய பெண்டாட்டி முகத்தை அவன் எதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறான்? கையில் அந்த வரைபடக் காகிதத்தின் நகல். 417, 418.

"இங்க பாருங்கம்மா" என்றான் மேலாளரிடம். "அடுப்புல போட்டதுக்கு ஆதாரம். இந்த எக்ஸ்ரேயெல்லாம் மேல் தோலைத்தான் பார்க்கும். மெஷின் கொஞ்சம் பிசகினா எண்ணு எங்கேயோ போயிடும். பாப்பாவுக்கு அனுபவம் பத்தாது."

"பாப்பாவுக்கு நாப்பத்தொண்ணு சார்" என்றேன்.

சிரித்தான். "அழுத்தச் சோதனை ஒண்ணு போட்டுடலாம். தண்ணி ரொப்பி கேஜ்ல இருபத்தியொண்ணு வரைக்கும் ஏத்துங்க. தாங்கிடுச்சுன்னா நான் இப்பவே கையெழுத்து போடறேன். எனக்கு மதியம் வேற இடத்துக்குப் போகணும்."

சோதனை வேண்டும் என்று கேட்டது அவன்தான். இதை நான் இன்றைக்கும் அழுத்திச் சொல்வேன்.

நாற்பது பெண்களையும் தெருவுக்கு அனுப்பினால்தான் சோதனை என்றேன். அனுப்பினார்கள். தண்ணீர் ரொப்ப இரண்டு மணி நேரம் ஆனது. வெள்ளைத் தொப்பி ஆபீஸ் அறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். நான் போய் அவன் முன்னால் அவனுடைய சான்றுப் படிவத்தை வைத்தேன்.

"சார், இதுல ஒரு வரி இருக்கு. 'சோதனை முடியும்வரை அருகில் நின்று நேரில் பார்த்தேன்.' வருஷா வருஷம் இதுக்குக் கீழதான் கையெழுத்து போட்டிருக்கீங்க."

"அதெல்லாம் வழக்கமான வாசகம்மா."

மேலாளர் படிவத்தைக் கையில் வாங்கிப் படித்தார். "இல்ல சார், இதுல அப்படித்தான் இருக்கு. வாங்க, நிக்கலாம்" என்றார்.

"நீங்க வேணாம் மேடம், அவர் மட்டும் போதும்" என்றேன். "அவர்தானே பத்திரம்னு சொல்றார்?"

எலக்ட்ரீஷியன், ஸ்டோர்காரர், வாட்ச்மேன் எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் எழுந்துதான் ஆகவேண்டியிருந்தது. டேங்க் பக்கத்தில், கீறல் இருந்த வெல்டிங்குக்கு நேராக நிற்கச் சொன்னேன். நின்றான். நான் போய் அவன் காதோரம், மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி சொன்னேன்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி 417 பக்கத்துல நின்னவர் என் வீட்டுக்காரர். வெல்டிங் வெச்சவர் என் அண்ணன். இப்ப நீங்க நில்லுங்க."

அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். நான் திரும்பி நடந்து, சுவருக்கு அப்பால் போய் நின்று, பம்ப்பைப் போடுங்கள் என்று கை காட்டினேன்.

பம்ப் திக்திக்கென்று அடிக்க ஆரம்பித்தது. கேஜ் முள் நகர்ந்தது. நாலு. ஆறு. ஒன்பது. அவன் டேங்க்கைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். முந்நூற்றுப் பதினெட்டு என்பதன் அர்த்தம் இந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர அவன் ஒருவனுக்குத்தான் முழுசாகத் தெரியும். பன்னிரண்டு. ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான். நான் வேண்டிக்கொண்டிருந்தேன். தாங்கவேண்டும் என்றல்ல. வெடி, வெடி, வெடி என்று. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. கையைத் தூக்கினால் பம்ப் நின்றிருக்கும். என் கை இடுப்பைவிட்டு அசையவில்லை.

பதினாறில் டேங்க்குக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். பெயின்ட் உதிர்ந்ததா, கீறல்தான் ஒரு நூல் நகர்ந்ததா, தெரியாது.

அவன் ஓடினான். ஐம்பத்தெட்டு வயது ஆள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஹெல்மெட் எங்கேயோ விழுந்தது. கேட் வரைக்கும் போய், தெருவில் நின்ற பெண்களைப் பார்த்துத் திகைத்து, அப்படியே திரும்பி, "நிறுத்துங்க! பம்ப்பை நிறுத்துங்கய்யா!" என்று கத்தினான்.

மேலாளர் பம்ப்பை நிறுத்தச் சொன்னார். பிறகு அவனிடம் போனார். "ஏன் சார் ஓடினீங்க? அடுப்புல போட்ட டேங்க்தானே?"

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது. "போகலை" என்றான். "ரெண்டுமே போகலை. அடுப்பு ரிப்பேர்ல கிடந்துச்சு. அனுப்பியே ஆகணும்னு மேலேருந்து நெருக்கினாங்க. வேற டேங்க்கோட காகிதத்துல நம்பரை மாத்திப் போட்டேன்."

மேலாளர் சும்மா விடவில்லை. அதே சான்றுப் படிவத்தின் பின்பக்கத்தில் அதை எழுதச் சொன்னார். எழுதினான். சாட்சிக் கையெழுத்தாக எலக்ட்ரீஷியனும் ஸ்டோர்காரரும் போட்டார்கள். நான் போடவில்லை, நேராக நகல் எடுக்கப் போனேன்.

சாயங்காலம் அந்தக் காகிதத்தின் நகலோடு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் அப்போதுதான் ஷிப்ட் முடித்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் ஓடியதை இரண்டு தடவை சொன்னேன். அண்ணி கைதட்டிச் சிரித்தார். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"பம்ப்புக்கிட்ட யாரு நின்னா?"

பம்ப்புக்கும் டேங்க்குக்கும் நடுவில் பத்தடி ஹோஸ்தான். நாற்பது பெண்களை நினைத்தேன், மேலாளரை நினைத்தேன். கேஜ் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்த அரைமணி நேரமும் என் கண்ணில் படவே இல்லை.

"மாப்ளே இருந்திருந்தா உன்னைச் செவுள்லயே விட்டிருப்பான்" என்றார் அண்ணன். சத்தம் போடவில்லை. அந்தக் காகிதத்தையும் வாங்கவில்லை. அண்ணிதான் வாங்கிக்கொண்டார்.

மறுநாளே குளிர்கிடங்குக்குப் போய் பம்ப் ஓட்டுகிறவரைத் தேடிப் பிடித்தேன். ஐம்பது வயது மனிதர், காது கொஞ்சம் மந்தம். நான் சொன்னதை முதலில் அவர் புரிந்துகொள்ளவில்லை. இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன். புரிந்ததும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"வெடிக்கும்னு தெரிஞ்சே ஓட்டச் சொன்னியா?"

"வெடிக்கலாம்னு தெரியும்."

"முன்னாடியே சொல்லியிருந்தா ஹோஸை நீளமா இழுத்துட்டு வெளியே உக்காந்து, இருபத்தியொண்ணு வரைக்கும் நானே ஏத்திக் குடுத்திருப்பேனேம்மா" என்றார். ஸ்பானரை மறுபடி கையில் எடுத்தார். "என் வீட்லயும் ஒருத்தி இருக்கா" என்றார். அதற்கப்புறம் நான் அங்கே போகும்போதெல்லாம் வணக்கம் சொல்கிறேன். அவர் பதிலுக்குத் தலையை ஆட்டுகிறார், பேசுவதில்லை.

418-ஐ வெட்டி எடுத்துப் புது டேங்க் வைத்துவிட்டார்கள். பழைய விசாரணையைத் திரும்ப எடுத்து, வெல்டரின் மேல் தவறில்லை என்று இரண்டு வரிக் கடிதம் அனுப்பினார்கள். அண்ணன் அதைப் படித்துவிட்டு பீரோவில் துணிக்கடியில் வைத்தார். அண்ணி அதை எடுத்து அந்தத் தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டு வந்தார். லைசென்ஸும் திரும்பி வந்தது. ஆனால் வெல்டிங்குக்குப் போகவில்லை அவர். "கண்ணு பழைய மாதிரி இல்ல" என்கிறார். லிஃப்டிலேயே இருக்கிறார்.

வெள்ளைத் தொப்பியின் கம்பெனியை மூடிவிட்டார்கள். அவன் மேல் வழக்கு நடக்கிறது. அடுப்புக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பசங்கள் பெரியவர்களாகிவிட்டார்கள். இந்தத் தடவை வந்து, பாய் போட்டுப் படுத்ததிலிருந்து எல்லாவற்றையும் கூண்டில் ஏறிச் சொன்னார். நீதிபதியே சிரித்துவிட்டார்.

என் சாட்சியம் ஒரே நாளில் முடிந்தது. அதற்குப் பிறகு நான் போகவேண்டிய அவசியமில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகிறேன், முதல் வரிசையில் உட்காருகிறேன். "போதும், விட்டுடேன்" என்கிறார் அண்ணன். என் பெண்ணும் அதையேதான் சொல்கிறாள். பதினைந்து வயதுக்கு அவளுக்கு மாமன் புத்தி.

போன தடவை வராந்தாவில் அவனே என்னிடம் வந்தான். ரொம்ப இளைத்திருந்தான்.

"இன்னைக்கு உங்களைக் கூப்பிடலையேம்மா. எதுக்கு ஒவ்வொரு தடவையும் வர்றீங்க?"

"நீங்க வர்றீங்களே சார், அதைப் பார்க்கத்தான்" என்றேன்.

அடுத்த வாய்தா இருபத்தியாறாம் தேதி. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.